ஹுண்டிஸ்பர்க் பண்ணையின் பன்றி மண்டையோடுகள்

காட்டுப்பன்றியின் மண்டையோட்டை மேசைமேல் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு நேர்கோடு. மூக்கு நுனியில் தொடங்கும் அந்தக் கோடு நெற்றியைக் கடந்து, பிடரிக்கு மேலே உயர்ந்து நிற்கும் எலும்பு விளிம்பு வரை அநேகமாக வளையாமலே ஓடுகிறது. அந்த விளிம்பு பின்னோக்கித் தள்ளி நிற்பதற்குக் காரணம் உண்டு. கழுத்தின் பெருந்தசைகள் பற்றிக்கொள்ளும் இடம் அது. கிழங்கும் வேரும் புழுவும் தேடி மண்ணைக் கிளறும் இந்த விலங்குக்கு மூக்குதான் கொழு, தலைதான் கலப்பை, கழுத்துதான் ஏர் இழுக்கும் மாடு. பின்மண்டையின் உயரமும் சாய்வும் அந்த இழுவைக்கு ஏற்றபடி அமைந்தவை.

அதன் பக்கத்திலேயே 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கொழுக்க வளர்த்த யார்க்‌ஷயர் பன்றி ஒன்றின் மண்டையோட்டை வைத்தால், இரண்டும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை என்று நம்புவது கடினம். நேர்கோடு நடுவில் குழிந்துவிட்டது. முகம் குட்டையாகி மேல்நோக்கி வளைந்திருக்கிறது. பிடரி விளிம்பு முன்னால் நகர்ந்துவிட்டது. மேல், கீழ் வெட்டுப்பற்கள் ஒன்றையொன்று தொடவில்லை. கண்குழியின் வடிவமும் காதுத் துளையின் திசையும்கூட மாறிவிட்டன.

இந்த மாற்றம் ரத்தத்தில் வந்ததா, தீனியில் வந்ததா, வாழ்ந்த விதத்தில் வந்ததா? இந்தக் கேள்வியை அளவுகோலும் கையுமாக முதலில் எடுத்துக்கொண்டவர்களில் முக்கியமானவர் ஒரு பண்ணை முதலாளி. ஜெர்மனியின் மாக்டபுர்க் நகருக்கு அருகே ஹுண்டிஸ்பர்க் என்னும் ஊரில் மாளிகையும் நிலமும் வைத்திருந்த ஹெர்மன் ஃபான் நாதூசியஸ். பிறந்தது 1809இல். தந்தை யோஹான் காட்லோப் நாதூசியஸ் பெரும் தொழிலதிபர். மகனின் மனம் போனது கால்நடைகளின் பக்கம். இங்கிலாந்திலிருந்து உயர்ரகக் கால்நடைகளைத் தருவித்துப் பெருக்கினார். அத்தோடு நிற்காமல், இறந்த விலங்குகளின் எலும்புகளைச் சேர்த்தார். அந்தக் காலத்துப் பண்ணைக்காரர் ஒருவர் இப்படிச் செய்தது அபூர்வம். பன்றி செத்தால் தொத்திறைச்சி, கொழுப்பு, தோல் என்று கணக்குப் பார்க்கும் தொழிலில் இவர் தலையைத் தனியே எடுத்துவைத்தார்.

அவர் சேர்த்ததில் கவனிக்க வேண்டியது எண்ணிக்கையைவிட வகை. காட்டுப்பன்றி, ஊர்ப்பன்றி, ஆங்கிலக் கலப்பினம், ஆசியப் பன்றி என்று எல்லாவற்றையும் அருகருகே வைத்து ஒப்பிட்டார். பிறந்த குட்டியிலிருந்து கிழப்பன்றி வரை வளர்ச்சியின் ஒவ்வொரு படியையும் பார்த்தார். குட்டிப் பருவத்து மண்டையோடு கையில் இல்லாதவர், வளர்ந்த மண்டையோட்டில் எது பிறவி வடிவம், எது வாழ்வில் வந்த வடிவம் என்று பிரிக்க முடியாது. இந்த எளிய உண்மையைப் பிடித்துக்கொண்டதுதான் நாதூசியஸின் பலம்.

1860இல் பன்றி இனங்களைப் பற்றி ஒரு சிறு நூலும், 1864இல் பன்றியின் மண்டையோட்டை மையமாக வைத்து வீட்டு விலங்குகளின் வரலாற்றுக்கும் வளர்ப்புக்குமான முன்னாய்வுகள் என்ற பொருளில் ஒரு பெருநூலும் பெர்லினில் வெளியிட்டார். அதில் அவர் வந்து சேர்ந்த முடிவு பண்ணை உலகத்தை உலுக்கக்கூடியது. இளம் வயதில் நிறையத் தீனி கிடைத்த பன்றிக்குத் தலை அகன்று குட்டையாகிறது. தீனி குறைந்தால் நீண்டு ஒடுங்குகிறது. இதை அவர் அனுபவத்தாலும் சோதனையாலும் உறுதிப்படுத்தினார். இன்னொரு காரணத்துக்கும் அழுத்தம் கொடுத்தார். காட்டிலும் திறந்த வெளியிலும் வளரும் குட்டி, எலும்பு இன்னும் இறுகாத பருவத்திலேயே மூஞ்சியால் மண்ணை உழுகிறது. அதற்காகத் தலையின் பின்புறத் தசைகளை ஓயாமல் இயக்குகிறது. தொட்டியில் கொட்டிய தீனியைத் தின்று கொழுக்கும் பன்றிக்கு அந்த வேலை இல்லை. தசை இழுக்காத எலும்பு வேறு வடிவம் கொள்கிறது, அது மாறும்போது மண்டையோட்டின் மற்ற பாகங்களும் கூடவே மாறுகின்றன.

இதிலிருந்து கிளைத்த இன்னொரு முடிவு. பெரிய உடலும் தொங்கும் காதும் கொண்ட ஆங்கிலப் பன்றியும், சிறிய உடலும் விறைத்த காதும் கொண்ட சீனப் பன்றியும் பரம்பரையில் வெகுதூரம். ஆனால் இரண்டையும் ஒரே மாதிரி கொழுக்க வளர்த்து, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து, வளர்ப்பின் உச்சிக்குக் கொண்டுபோனால் தலை வடிவில் இரண்டும் நெருங்கிவிடுகின்றன. ஆக, குழிந்த முகம் எந்த ஒரு குலத்துக்கும் அடையாளம் ஆகாது. அன்றைய ஜெர்மானிய வளர்ப்பாளர்களில் பலர், தூய இனத்தின் குணங்கள் மாறாதவை என்ற கொள்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இது கசப்பான செய்தி.

இந்த நூலை மிகுந்த அக்கறையோடு படித்த ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார். சார்லஸ் டார்வின் 1868இல் வெளியிட்ட, வளர்ப்பில் விலங்குகளும் தாவரங்களும் அடையும் மாறுபாடுகள் பற்றிய இரண்டு தொகுதி நூலில் பன்றி பற்றிய பகுதி பெரும்பாலும் நாதூசியஸின் தோளில் நிற்கிறது. டார்வின் அதை மறைக்கவில்லை. பக்கத்துக்குப் பக்கம் பெயர் சொல்கிறார். அந்த நூலில் ஒரு படம் உண்டு. மேலே காட்டுப்பன்றியின் தலை, கீழே ‘கோல்டன் டேஸ்’ என்று பெயர் வைத்திருந்த யார்க்‌ஷயர் பெருஇனப் பன்றி ஒன்றின் தலை. கீழே இருப்பது ஒரு புகைப்படத்தைப் பார்த்து வரைந்தது. பொற்காலம் என்று பொருள்படும் பெயரோடு ஒரு தனிப் பன்றி அறிவியல் வரலாற்றில் இடம் பிடித்தது அப்படித்தான். கொழுக்க வளர்த்த இனங்களில் மண்டையோடு கழுத்தெலும்போடு சேரும் மூட்டு முனைகள்கூட மிகவும் மாறியிருப்பதை நாதூசியஸ் கண்டிருந்தார். அந்த ஒரு துண்டை மட்டும் தனியே பார்க்கும் இயற்கையியலாளர் யாரும் அதைப் பன்றியுடையது என்று சொல்லமாட்டார் என்பது அவர் கருத்து. டார்வின் இதையும் விடாமல் எடுத்துக் காட்டினார். உயிரினங்களின் வடிவம் எவ்வளவு தூரம் நெகிழும் என்று காட்ட இதைவிட நல்ல சான்று அவருக்குக் கிடைத்திருக்காது.

தீனியாலும் உழைப்பாலும் மாறுகிற பாகங்களை ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது என்ன? பரம்பரையைச் சொல்லும் பாகம் ஏதாவது இருக்கிறதா? இருந்தது. கண்குழியின் முன்விளிம்பில் பதிந்திருக்கும் கண்ணீர் எலும்பு. அளவில் சிறியது, பார்வைக்குச் சாதாரணமானது. ஐரோப்பியக் காட்டுப்பன்றியில் அது நீண்டு தாழ்வாக இருக்கிறது. ஆசியப் பன்றிகளில் நீளம் குறைந்து உயரமாக இருக்கிறது. மேலண்ணத்தின் முன்பகுதியும் ஆசியப் பன்றிகளில் அகலம். இந்த அடையாளங்களைக் கொண்டு நாதூசியஸ் அன்றைய வளர்ப்புப் பன்றிகளை இரு பெரும் பிரிவாக வகுத்தார். ஒன்று ஐரோப்பியக் காட்டுப்பன்றியின் வழி வந்தது. மற்றது ஆசிய வழி. இரண்டாவதன் காட்டு மூதாதை எது என்று அப்போது தெரியவில்லை.

அதற்கு விடை வர ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. 2000ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பன்றிகள் தனித்தனியே வளர்ப்புக்கு வந்தன என்று காட்டியது. இரு கண்டங்களின் காட்டுப்பன்றிகளும் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டவை. மனிதன் பன்றி வளர்க்கத் தொடங்கி ஏறக்குறைய பத்தாயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன. 2005இல் கிரெகர் லார்சனும் கூட்டாளிகளும் 686 காட்டு, வளர்ப்புப் பன்றிகளின் டிஎன்ஏவை ஒப்பிட்டு, யூரேசியாவின் பல இடங்களில் பன்றி தனித்தனியே பழக்கப்பட்டது என்று நிறுவினார்கள். அவர்கள் எடுத்த மாதிரிகளில் அருங்காட்சியக எலும்புகளும் பற்களும் உண்டு. 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலப் பண்ணைகளில் சீனப் பன்றிகளைக் கலந்ததன் தடமும் இன்றைய ஐரோப்பிய இனங்களின் மரபணுவில் தெளிவாகத் தெரிகிறது. கண்ணீர் எலும்பின் நீள உயரத்தை வைத்து 1860களில் ஒருவர் போட்ட கோடு, மரபணு போட்ட கோட்டோடு இவ்வளவு ஒத்துப்போகிறது.

நாதூசியஸின் காலத்திலேயே சுவிட்சர்லாந்தில் இன்னொரு வாசல் திறந்தது. 1853–54 குளிர்காலத்தில் சூரிக் ஏரியின் நீர் மட்டம் மிகவும் தாழ்ந்தது. ஓபர்மைலன் கரையில் சேற்றுக்குள்ளிருந்து வரிசை வரிசையாக மரத்தூண்கள் வெளியே தெரிந்தன. ஃபெர்டினாண்ட் கெல்லர் அவற்றை ஆராய்ந்து, கற்காலத்துக் குடியிருப்புகள் என்றார். கருவிகள், துணி, தானியம் இவற்றோடு மூட்டை மூட்டையாக எலும்புகளும் கிடைத்தன. சேறு அவற்றைக் கெடாமல் காத்திருந்தது. பாசல் பல்கலைக்கழகத்தில் இருந்த லூட்விக் ரூட்டிமையர் அந்த எலும்புகளை எடுத்து ஆராய்ந்து 1861இல் ஒரு நூல் எழுதினார். மனிதன் சமைத்துத் தின்று எறிந்த எலும்பிலிருந்து அவன் எந்த விலங்கை வேட்டையாடினான், எதை வளர்த்தான் என்று படிக்கும் துறைக்கு அது அடித்தளம்.

ரூட்டிமையர் முன்னால் கிடந்த பன்றித் தாடைகளில் இரண்டு அளவுகள் தெரிந்தன. ஒன்று பெரியது, அது காட்டுப்பன்றி, சந்தேகமில்லை. மற்றது சிறியது, கோரைப்பல்லும் சிறியது. அதற்குக் கரிச்சதுப்புப் பன்றி என்று தனிப் பெயர் வைத்தார். அது தனியொரு காட்டினமா, வீட்டில் வளர்ந்த பன்றியா என்ற விவாதம் பல பத்தாண்டுகள் ஓடியது. வளர்ப்புப் பன்றிதான் என்பது பின்னால் வந்த ஆய்வாளர்களின் கருத்து. அந்த விவாதத்தை நடத்துவதற்கே ஒப்பிட்டுப் பார்க்க நம்பகமான காட்டுப்பன்றி மண்டையோடுகள் வேண்டியிருந்தன. எந்தக் காட்டில், எந்த ஆண்டில், ஆணா பெண்ணா, என்ன வயது என்று தெரிந்த மண்டையோடுகள்.

சிக்கல் அங்கேதான். வேட்டைக்காரர்களுக்குப் பிடித்தது பெரிய ஆண்பன்றியின் கோரைப்பல். சுவரில் மாட்டுவதற்காக மூஞ்சியின் முன்பாதியை மட்டும் அறுத்தெடுப்பார்கள், அல்லது பற்களை உருவிப் பலகையில் பதிப்பார்கள். பெண்பன்றி, ஒரு வயதுக் குட்டி, பல் தேய்ந்த கிழம் இவற்றின் தலைகளை யாரும் எடுத்துவைக்கவில்லை. பழைய தொகுப்புகள் பலவற்றில் ஆண்பன்றி மண்டையோடுகளே மிகுதி. அவற்றிலிருந்து ஓர் இனத்தின் சராசரி அளவைக் கணக்கிட்டால் விடை தப்பாகத்தான் வரும். ஆணுக்கும் பெண்ணுக்கும் காட்டுப்பன்றியில் வேறுபாடு மிக அதிகம்.

அந்தக் கோரைப்பல்லின் அமைப்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். கீழ்த்தாடைப் பல் குறுக்குவெட்டில் முக்கோணம். வேர் மூடாமல் திறந்தே இருப்பதால் வாழ்நாள் முழுவதும் வளர்கிறது. வெளியே தெரிவது மூன்றில் ஒரு பங்குதான். மிச்சம் தாடைக்குள் வளைந்து கிடக்கிறது. பின்புற முகத்தில் மட்டும் எனாமல் கிடையாது. வாயை மூடித் திறக்கும்போதெல்லாம் அந்த முகம் மேல்கோரையில் உரசுகிறது. எனாமல் இல்லாத பக்கம் சீக்கிரம் தேய, எனாமல் உள்ள விளிம்புகள் கூராகவே நிற்கின்றன. வேட்டை நாய்களின் வயிறு கிழிவது இதனால்தான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாசலின் ஹான்ஸ் கியார்க் ஷ்டெலின் பன்றிக் குடும்பத்தின் பற்களை விரிவாக ஆராய்ந்தபோது, இந்த முக்கோணத்தின் மூன்று முகங்களுக்கும் இடையேயான விகிதத்தை வைத்தே காட்டுப்பன்றி வகைகளை இரு அணியாகப் பிரித்தார். இன்றும் தென்கிழக்கு ஆசியத் தீவுகளின் பன்றிகளை அடையாளம் காண அது பயன்படுகிறது.

அருங்காட்சியகத்துக்கு ஒரு தலை வந்து சேர்ந்த பிறகு நடக்கும் வேலையையும் சொல்ல வேண்டும். தோலை உரித்து, மூளையைப் பிடரித்துளை வழியாக வெளியேற்றி, சதையை நீக்க வேண்டும். அதிக நேரம் கொதிக்கவைத்தால் குட்டிகளின் எலும்புப் பொருத்துகள் விட்டுப்போகும், பல் கழன்று விழும். ஆகவே வெதுவெதுப்பான நீரில் பல நாள் ஊறவைத்து அழுகவிடுவது பழைய வழக்கம். இன்னொரு வழி, காய்ந்த சதையைத் தின்னும் ஒரு வகைச் சிறு வண்டுகளின் புழுக்களிடம் ஒப்படைப்பது. அவை மெல்லிய எலும்பைக்கூடச் சேதப்படுத்தாமல் சுத்தம் செய்துவிடும். பன்றி எலும்பில் கொழுப்பு அதிகம். அதைச் சரியாக எடுக்காவிட்டால் பல ஆண்டுகளுக்குப் பிறகும் மஞ்சளாகக் கசிந்து தூசியைப் பிடித்து வைக்கும். கோரைப்பல்லோ வறண்ட காற்றில் நீளவாக்கில் வெடிக்கும்.

இந்த வேலையில் அடிக்கடி தொலைந்துபோவது ஒரு சின்ன எலும்பு. பன்றி மூக்கின் வட்டத் தட்டைத் தாங்கி நிற்கும் முன்மூக்கு எலும்பு. கடினமான நிலத்தைக் கிளறும்போது விசையை ஏற்பது அதுதான். மற்ற எலும்புகளோடு அது ஒட்டியிருப்பதில்லை. குருத்தெலும்பும் சதையும் போனதும் தனியே விழுந்துவிடும். கவனிக்காவிட்டால் கழுவுகிற நீரோடு போய்விடும். பன்றியைப் பன்றியாக்கும் மூக்கின் ஆதார எலும்பே பல அருங்காட்சியக மாதிரிகளில் இல்லை. அதைத் தேடி எடுத்து, துளியூண்டு சீட்டோடு தனிக் குப்பியில் போட்டு வைத்த பெயர் தெரியாத பணியாளர்களுக்கு இந்தத் துறை கடன்பட்டிருக்கிறது.

இந்தியாவில் இந்த வேலை கல்கத்தாவில் தொடங்கியது. ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகத்துக்கு 1841இல் காப்பாட்சியராக வந்த எட்வர்ட் பிளைத், அடுத்த இருபது ஆண்டுகள் குறைந்த சம்பளத்தில், நெருக்கடியான அறைகளில் துணைக்கண்டத்தின் விலங்குகளைச் சேர்த்து வகைப்படுத்தினார். டார்வினுக்கு இந்திய வளர்ப்பு விலங்குகள் பற்றி நீண்ட கடிதங்கள் எழுதியவரும் இவரே. இலங்கைக் காட்டுப்பன்றிக்கும் அந்தமான் பன்றிக்கும் தனி அறிவியல் பெயர் வைத்தவர் பிளைத்தான். பிற்காலத்தில் ஆஸ்திரேலியாவின் காலின் குரோவ்ஸ், பல நாட்டு அருங்காட்சியகங்களின் பன்றி மண்டையோடுகளை ஒன்றாக வைத்து ஆராய்ந்து 1981இல் பன்றி இனத்தின் வகைப்பாட்டைத் திருத்தி எழுதினார். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் பன்றிகள் இமயமலை அடிவாரத்துப் பன்றிகளைவிடச் சிறியவை என்பதால் அவற்றைத் தனித் துணையினமாக அவர் வைத்தார். தமிழ்நாட்டு மேற்குத்தொடர்ச்சி மலைக் காடுகளில் திரிவது அந்தச் சிறிய வகை.

நேபாளத்தில் ஆங்கிலேய அரசின் பிரதிநிதியாக இருந்து, பின்பு டார்ஜீலிங்கில் குடியேறிய பிரையன் ஹாட்சன், 1847இல் தோளுயரம் ஒரு முழத்துக்கும் குறைவான குள்ளப்பன்றி ஒன்றை விவரித்தார். அதற்குக் காட்டுப்பன்றியிலிருந்து வேறுபட்ட தனிப் பேரினப் பெயரே கொடுத்தார். பின்னால் வந்தவர்கள் அதை ஏற்கவில்லை. மண்டையோட்டின் ஒற்றுமையைக் காட்டி, காட்டுப்பன்றியின் பேரினத்துக்குள்ளேயே அதைச் சேர்த்துவிட்டார்கள். 1960களில் அந்த விலங்கு அழிந்துவிட்டதாகவே பலரும் நினைத்தார்கள். 1971இல் அஸ்ஸாமில் மறுபடியும் கிடைத்தது. 2007இல் வெளியான மரபணு ஆய்வு ஹாட்சன் சொன்னதே சரி என்றது. குள்ளப்பன்றிக்கு அதன் தனிப் பேரினம் திரும்பக் கிடைத்தது. மண்டையோட்டின் ஒற்றுமையை மட்டும் நம்பினால் எங்கே சறுக்கும் என்பதற்கும் இது எடுத்துக்காட்டு. சிறிய விலங்கு, பெரிய விலங்கின் குட்டியைப் போலத் தோன்றும். உடல் அளவு மாறும்போது தலையின் விகிதங்கள் தாமாக மாறுகின்றன.

பல்லும் ஏமாற்றும். பன்றியின் கடைவாய்ப்பல் மொட்டு மொட்டான முகடுகளோடு மனிதப் பல்லைப் போலவே இருக்கும். தேய்ந்துவிட்டால் பிரித்தறிவது இன்னும் கடினம். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் கிடைத்த தேய்ந்த பல் ஒன்றை 1922இல் ஹென்றி ஃபேர்ஃபீல்ட் ஆஸ்பார்ன் மனிதக் குரங்கினது என்று அறிவித்தார். உலகெங்கும் செய்தியானது. மேலும் தோண்டி, மேலும் மாதிரிகளோடு ஒப்பிட்டபோது, அது பன்றியின் தூரத்து உறவான பெக்காரி என்னும் விலங்கின் பல் என்று தெரிந்து, 1927இல் அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது.

ஆனால் முழு வரிசையாகப் பார்க்கிறவருக்குப் பன்றியின் பல்லைப் போல உதவுவது வேறில்லை. காட்டுப்பன்றிக்கு மொத்தம் 44 பற்கள். நஞ்சுக்கொடியுள்ள பாலூட்டிகளின் பழைய மூதாதைக்கு இருந்த அதே எண்ணிக்கை. பிற பல விலங்குகள் சிலவற்றை இழந்துவிட்டன. குட்டி பிறக்கும்போதே ஊசி போன்ற எட்டுப் பற்களோடு பிறக்கிறது. முதல் கடைவாய்ப்பல் ஏறக்குறைய ஆறு மாதத்தில் முளைக்கிறது, இரண்டாவது ஒரு வயதை ஒட்டி, மூன்றாவது இரண்டு வயதை நெருங்கும்போது எட்டிப்பார்த்து மெதுவாக மேலே வருகிறது. இந்த வரிசை தெரிந்தவர், தாடையைப் பார்த்தே விலங்கு செத்த வயதைச் சொல்லிவிடலாம். குட்டி ஈனும் காலமும் தெரிந்தால் எந்தப் பருவத்தில் கொன்றார்கள் என்றும் கணிக்கலாம்.

1980களில் கெயில் புல், செபாஸ்டியன் பெய்ன் ஆகிய இருவரும் துருக்கியின் கிசில்ஜஹமாம் பகுதிக் காட்டுப்பன்றிகளின் எலும்புகளையும் பற்களையும் அளந்து வெளியிட்டார்கள். ஒரே வட்டாரம், ஒரே கூட்டம். அதனால்தான் அது உலகம் முழுவதும் அகழாய்வாளர்களுக்கு அளவுகோலாக அமைந்தது. வேறிடங்களில் தோண்டியெடுத்த பன்றிப் பற்களை அதோடு ஒப்பிட்டு, இது காட்டுப்பன்றியின் அளவுக்குள் அடங்குகிறதா, அதைவிடச் சிறுத்துவிட்டதா என்று பார்க்கலாம். தென்கிழக்குத் துருக்கியின் சாயோனுவில் மண்ணடுக்கு மேலே வரவரக் கடைவாய்ப்பற்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகிக்கொண்டே போவதை ஆய்வாளர்கள் கண்டார்கள். காட்டுப்பன்றி வீட்டுப்பன்றியானது ஒரு நாளில் நடந்த நிகழ்ச்சியல்ல, பல தலைமுறை மனிதர்களின் வாழ்நாளில் பரவிக் கிடந்தது என்பதற்கு அந்தப் பற்களே சாட்சி.

மண்டையோட்டின் உட்புறமும் பேசும். பிடரித்துளை வழியாகச் சிறுமணிகளை நிரப்பிக் கொட்டி அளந்தால் மூளையின் கொள்ளளவு கிடைத்துவிடும். ஜெர்மனியின் கீல் நகரில் வோல்ஃப் ஹெர்ரே வளர்த்தெடுத்த ஆய்வுக்கூடத்தில் டீட்டர் குருஸ்காவும் மற்றவர்களும், உடல் எடையைச் சமப்படுத்திப் பார்த்தால் வளர்ப்புப் பன்றியின் மூளை காட்டுப்பன்றியினதைவிட மூன்றில் ஒரு பங்கு சிறியது என்று கண்டார்கள். கலாபகஸ் தீவுகளில் மனிதன் விட்டுச்சென்று காட்டில் பெருகிய பன்றிகளையும் ஆராய்ந்தார்கள். தலைமுறைகளாகத் தாமே இரை தேடி வாழ்ந்தும் அவற்றின் மூளை காட்டு அளவுக்குத் திரும்பவில்லை. கீழே இறங்கிய படி மறுபடி ஏறக் கிடைக்கவில்லை.

நாதூசியஸின் பழைய கேள்வியை அண்மையில் பிரான்சில் மறுபடியும் எடுத்தார்கள். காட்டுப்பன்றிக் குட்டிகள் 24. எல்லாம் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை. ஆறு மாத வயதில் அவற்றைப் பிரித்து, ஒரு பாதியை 100 சதுர மீட்டர் கொட்டகையிலும் மறுபாதியை 3,000 சதுர மீட்டர் மரங்கள் நிறைந்த பட்டியிலும் வளர்த்தார்கள். இரண்டு வயதில் அவற்றின் எலும்புகளை முப்பரிமாணத்தில் பதிவுசெய்து, சுதந்திரமாகத் திரிந்த காட்டுப்பன்றிகளோடும் வளர்ப்பினங்களோடும் ஒப்பிட்டார்கள். இனக்கலப்பு இல்லை, தலைமுறைத் தேர்வு இல்லை. அடைபட்ட வாழ்வு மட்டுமே மண்டையோட்டின் வடிவத்திலும் கணுக்கால் எலும்பிலும் தடம் பதித்திருந்தது. ஹுண்டிஸ்பர்க்கில் கண்ணாலும் அளவுகோலாலும் கண்டதைக் கணினியும் கண்டது.

இப்படி ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் ஒரு மண்டையோடு புதுக் கேள்விக்குப் பதில் சொல்வதென்றால் அதற்கு அடிப்படை அதோடு கட்டியிருக்கும் சீட்டுதான். 1911இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இந்தியா, பர்மா, இலங்கை முழுவதும் தொடங்கிய பாலூட்டிகள் கணக்கெடுப்பின் பெருமையும் அதில்தான் இருக்கிறது. ஊர், உயரம், தேதி, பால், உடல் அளவுகள் என்று சேகரிப்பாளர் களத்திலேயே எழுதிக் கட்டினார். சீட்டு அறுந்துபோன எலும்பு, எவ்வளவு அழகாக இருந்தாலும், எந்தக் காட்டுக்கும் எந்தக் காலத்துக்கும் உரியதில்லாமல் போகிறது. மரபணு எடுப்பவர்களும் இப்போது எச்சரிக்கையாக இருக்கிறார்கள். முகத்தில் துளையிட்டால் நாளை அளக்கப் போகிறவருக்கு ஒரு புள்ளி போய்விடும். மூக்குக்குழிக்குள் உதிர்ந்து கிடக்கும் மெல்லிய எலும்புச் சுருளிலிருந்து ஒரு சிட்டிகை எடுப்பது பலர் கடைப்பிடிக்கும் முறை.

தமிழ்நாட்டுக்கு இது இன்று நேரடியான விஷயம். நிலக்கடலையும் மரவள்ளியும் சோளமும் பயிரிடும் மலையடிவார விவசாயிகள் காட்டுப்பன்றியால் படும் பாடு சொல்லி மாளாது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு, காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றிகளை வனத்துறையே சுட அனுமதி கொடுத்தது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடவேண்டும். ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே உத்தரவிடும் அதிகாரம் உண்டு, கொன்றவற்றைப் புதைத்துவிடுகிறார்கள். இப்படிச் சுடப்படும் பன்றிகளில் எல்லா வயதும் உண்டு. பெண்பன்றியும் ஓராண்டுக் குட்டியும் உண்டு. வேட்டைக்காரர்களின் சுவர்களில் என்றும் இடம் பெறாத, நாதூசியஸ் தேடித் தேடிச் சேர்த்த அதே வரிசை. வனவிலங்குச் சட்டத்தின்படி தனியார் யாரும் அவற்றின் எலும்பை வைத்துக்கொள்ள முடியாது. அரசு அருங்காட்சியகமும் கால்நடை மருத்துவக் கல்லூரிகளும் உரிய அனுமதியோடு வைத்துக்கொள்ளலாம். ஊர், தேதி, பால், எடை என்று நான்கு வரி எழுதிய சீட்டோடு அந்தத் தலைகளில் ஒரு பகுதியாவது எழும்பூர் அருங்காட்சியகம் போன்ற ஓரிடத்துக்குப் போய்ச் சேர்ந்தால், தென்னிந்தியப் பன்றி காட்டில் எப்படி இருந்தது, வயற்காட்டுத் தீனியில் எப்படி மாறுகிறது, ஊர்ப்பன்றியோடு எவ்வளவு கலந்திருக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் அளந்து பதில் சொல்ல முடியும்.